கச்சான் காலத்துக்கு எந்த மெழுகு?

வாசனை மெழுகுதிரி செய்ய மெழுகு வாங்கும்போது, திருகோணமலை வெயிலில் நான் முதலில் கேட்பது உருகுநிலையைத்தான். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். அதை அதிகம் கலந்தால், கச்சான் என்னும் வெப்பமான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மெழுகு இறுகாமல் குழைந்தே கிடக்கும். தேன்மெழுகு 62 பாகை வரை தாங்கும். ஆனால் அதன் சொந்த மணம் மல்லிகை போன்ற மெல்லிய வாசனையை அமுக்கிவிடும். சோயா மெழுகில் பத்தில் ஒரு பங்கு தேன்மெழுகு சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்த கலவை.

மொத்தமாக வாங்குமுன் சோதித்துப் பாருங்கள். 100 கிராம் மெழுகுக்கு 6 கிராம் வாசனை எண்ணெய் போதும். ஒரே அளவுக் கண்ணாடிக் குவளைகளில் ஒவ்வொரு மெழுகையும் ஊற்றி, எதில் எது என்று எழுதி ஒட்டுங்கள். சோயாவை இரண்டு வாரம் மூடி வையுங்கள், மணம் அப்போதுதான் நன்றாகப் பிடிக்கும். ஒரு பகல் யன்னலோரம் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய் வியர்த்தால் வாசனையைக் குறையுங்கள்.

அப்புறம் மின்விசிறியை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் எரியவிடுங்கள். உருகிய மெழுகு விளிம்பைத் தொடாவிட்டால் தடித்த திரி வேண்டும். கரி படிந்தால் மெல்லியது போடுங்கள்.