களனி கங்கையை நாமே வரைந்து பார்ப்போம்

மழைக்காலத்தில் கொழும்பில் எல்லோரும் கேட்பது நாகலகம் வீதியில் அளக்கும் களனி கங்கை நீர்மட்டத்தைத்தான். ஆனால் அங்கே ஓடுவது பல கிளையாறுகளின் தண்ணீர். எது எங்கே சேருகிறது என்று ஒரு தடவை கையால் வரைந்து பார்த்தால் வெள்ளச் செய்தி தெளிவாகப் புரியும்.

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 படத்தாள்கள், டிரேசிங் பேப்பர், நீலம், சிவப்பு பென்சில்கள் போதும்.

படி 1: நீல பென்சிலால் கடலிலிருந்து தொடங்குங்கள். மலையில் ஓடைகள் ஏராளம், எது தாய் ஆறு என்றே குழம்பிப்போகும். ஆறு கடலில் சேரும் மட்டக்குளியில் ஒரே கோடுதான். அங்கிருந்து பேலியகொட, கடுவெல, ஹங்வெல்ல, அவிசாவளை, யட்டியாந்தோட்டை, கித்துல்கல என்று மேலே போங்கள். ஆற்றின் நீளம் சுமார் 145 கிலோமீட்டர்.

படி 2: கிளைகளைச் சேருங்கள். தெற்கிலிருந்து அவிசாவளைப் பக்கம் சீதாவக்க கங்கை, வடக்கிலிருந்து ருவன்வெல்லயில் குருகொட ஓயா. இன்னும் மேலே யட்டியாந்தோட்டையில் வீ ஓயா. கித்துல்கலைக்கு மேலே ஆறே இரண்டாகப் பிரியும்: காசல்ரீ நீர்த்தேக்கம் உள்ள கெசல்கமு ஓயா, மவுசாகலை உள்ள மஸ்கெலி ஓயா. சின்ன ஓடையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சந்தேகமா? சமவுயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) ஓடையைக் கடக்கும் இடத்தில் கூராக வளையும். அந்தக் கூர் மேட்டைத்தான் காட்டும்.

படி 3: இப்போது சிவப்பு பென்சில். எந்த நீலக் கோட்டையும் வெட்டாமல், மலைமுகடுகள் வழியாக, களனிக்குத் தண்ணீர் வரும் பகுதியின் எல்லையை வரையுங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அட்டன். பதுளை ரயில் அட்டனைத் தாண்டி, சிங்கமலைச் சுரங்கத்துக்குள் புகுந்து கொட்டகலைப் பக்கம் வெளியே வருகிறது அல்லவா? அந்த மலையின் அட்டன் பக்கம் விழும் மழை களனியோடு கொழும்புக்கு வரும். கொட்டகலைப் பக்கம் விழுவது மகாவலியில் சேர்ந்து திருகோணமலைக்குப் போகும். மலைநாட்டுச் சொந்தக்காரர்கள் உள்ள வீடுகளில் பிள்ளைகளுக்கு இதை அவசியம் காட்டுங்கள்.

படி 4: நீர்ப்பாசனத் திணைக்களம் நீர்மட்டம் அளக்கும் இடங்களைக் குறியுங்கள்: கித்துல்கல, தெரணியகல, ஹங்வெல்ல, நாகலகம் வீதி. தெரணியகல இருப்பது சீதாவக்க கங்கையில். அங்கே மட்டம் ஏறி, கித்துல்கலையில் ஏறாவிட்டால், தண்ணீர் தெற்குக் கிளையிலிருந்து வருகிறது. இரண்டிலும் ஏறினால் நிலைமை கடுமை. அப்புறம் ஹங்வெல்லயைக் கவனியுங்கள். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் இருப்பவர்கள் நாகலகம் வீதி மட்டம் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம், ஹங்வெல்லயில் ஏறும்போதே சாமான்களை உயரத்தில் எடுத்து வையுங்கள்.