சூட்கேஸ் ரெடி, ஃபைல் ரெடியா?

யாழ்ப்பாணத்திலிருந்து மாணவர் பரிமாற்றத்தில் போய், நோர்வேயின் பேர்கன் நகரில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வந்தவள் நான். போவதற்கு முந்திய இரண்டு கிழமையும் எங்கள் வீட்டில் நடந்தது ஒரே ஒரு வேலைதான்: நிறுப்பது. அம்மா மிளகாய்த்தூள் இடிப்பித்து மூன்று பொலித்தீன் பை போட்டுக் கட்டினா. பருத்தித்துறை வடை ஒரு ரின் நிறைய. அப்பா பக்கத்து வீட்டு மீன் தராசை இரவல் வாங்கிவந்து, மாமரக் கொப்பில் கட்டி, சூட்கேசைக் கொழுவி 23 கிலோ சரியா என்று நாளுக்கு நாலுதரம் பார்த்தார். என் ஃபைலை ஒருவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

இப்போது ஆலோசனை கேட்டு வரும் பிள்ளைகளும் முதலில் கேட்பது, “அக்கா, ஜக்கெட் இங்க வாங்கிறதோ, அங்க வாங்கிறதோ?” அங்கேயே வாங்குங்கள், பழையதாக, மழை தாங்குவதாக. பேர்கனில் வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. எங்கள் மாரியை நினைத்துக்கொண்டு குடையோடு போனால் முதல் காற்றிலேயே குடை போய்விடும். ஜக்கெட் கதை இவ்வளவுதான். மிச்சமெல்லாம் கடுதாசிக் கதை.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, அங்கே படிக்கும் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடாகும் என்பதை எழுத்தில் வாங்காமல் விமானம் ஏறுவது. “சேர் ஓம் எண்டவர்” என்பதை நம்பிப் போகாதீர்கள். ஆறு மாதம் கழித்து வரும்போது அந்தச் சேர் பிஎச்டிக்கு வெளிநாடு போயிருப்பார். திணைக்களத் தலைவரும் மாறியிருப்பார். லேர்னிங் அக்ரிமென்டில், அதாவது அங்கே படிக்கப்போகும் பாடங்களை எழுதிய ஒப்பந்தத்தில், மூன்று கையெழுத்து இருக்கவேண்டும்: உங்களுடையது, இங்குள்ள பல்கலைக்கழகத்தினது, அங்குள்ளதினது. அதோடு நில்லாமல் பாட ஈடு பீடச் சபைக்குப் போய் அங்கீகாரமும் பெறவேண்டும். அடுத்த சபை எப்போது கூடும், கடிதம் எந்தத் திகதிக்குள் போய்ச் சேரவேண்டும் என்று முதலே விசாரியுங்கள். இங்கே வருடத்துக்கு ஒருதரம் மட்டும் நடக்கும் பாடம் ஏதும் அந்தச் செமஸ்டரில் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால், ஈடு இல்லாவிட்டால், ஜூனியர் பட்ச்சோடு இருந்துதான் எழுதவேண்டும்.

கிரெடிட் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பாவின் பொதுக் கிரெடிட் முறையான ஈ.சி.டி.எஸ்.ஸில் ஒரு முழு வருடப் படிப்பு 60 கிரெடிட். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அதே ஒரு வருடம் 30 கிரெடிட். இங்கே ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியால உழைப்பு, அங்கே 25 முதல் 30 வரை. ஆகவே அங்குள்ள இரண்டு இங்குள்ள ஒன்றுக்குச் சரி. என்னோடு போன பெடியன் ஒருவன் இதைப் பார்க்கவில்லை. 30க்குப் பதிந்துவிட்டு, “எங்களுக்கு 15 காணும்தானே” என்று பாதியில் இரண்டு பாடத்தைக் கைவிட்டு ஃபியோர்ட் பார்க்கத் திரிந்தான். திரும்பி வந்து கணக்குப் பார்த்தால் ஏழரை. அவனுக்கு அன்று பிடித்த ஏழரை பட்டமளிப்பு வரை விடவில்லை.

அடுத்தது பெயர். தமிழில் எங்களுக்கு ஒரே பெயர்தான். ஆங்கிலத்தில் பள்ளிக்கூடச் சான்றிதழ் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டை ஒன்று, பாஸ்போட் இன்னொன்று. எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் விசாவுக்குக் கொடுக்க முதல் திருத்துங்கள். கடைசிப் பெயர் என்ற இடத்தில் எங்களுக்கு அப்பாவின் பெயர் வருவதால் இன்னொரு கூத்தும் நடக்கும். வைத்தியரிடம் போன அன்று அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் யாரோ என்று இருந்துகொண்டே இருந்தேன்.

அது பகிடி. தபால்பெட்டி விஷயம் பகிடியில்லை. அங்கே போய் ஏழு நாளுக்குள் பொலிசில் பதிந்தால் வதிவிட அட்டை தபாலில் வரும். தபால்காரர் பெட்டியில் ஒட்டியுள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். நான் வடிவாக என் பெயரை மட்டும் எழுதி ஒட்டினேன். கடிதம் அப்பாவின் பெயருக்கு வந்து, அப்படி ஒருவரும் இல்லை என்று திரும்பிப் போய்விட்டது. மூன்று கிழமை அலைந்தேன். பாஸ்போட்டில் உள்ள முழுப் பெயரையும் ஒட்டுங்கள்.

இன்னும் சிலர் ஒவ்வொரு முத்திரைக்கும் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்கு ஓடுகிறார்கள். சான்றிதழ்களை உறுதிப்படுத்தும் கொன்சியூலர் பிரிவு யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகம்) இருக்கிறது. பாஸ்போட் அலுவலகமும் 2025 செப்டெம்பரில் அங்கே வந்துவிட்டது. அது வர முதல், பாஸ்போட்டுக்கு நான் வவுனியாவுக்கு ஓடினவள். விசாவுக்கு மட்டும் கைரேகை கொடுக்கக் கொழும்பு போகத்தான் வேண்டும். நோர்வே தன் கொழும்புத் தூதரகத்தை 2023இல் மூடிவிட்டதால் முடிவு எடுப்பது நாட்டுக்கு வெளியே. நாள் பிடிக்கும். தெரிவுக் கடிதம் வந்த அன்றே தொடங்குங்கள்.

உறவினரை நம்பித் திட்டம் போடுவது எங்கள் ஊருக்கே உரிய பிழை. “நோர்வேதானே, மாமா வீட்டில நிக்கலாம்” என்று மாணவர் விடுதிக்கு விண்ணப்பிக்காமல் விட்ட ஒருத்தியைத் தெரியும். மாமா ஒஸ்லோவில். பேர்கனிலிருந்து ஒஸ்லோ ரயிலில் ஏறத்தாழ ஏழு மணித்தியாலம். யாழ்தேவியில் நாளாந்தம் கொழும்புக்கு லெக்சருக்குப் போய்வருகிற மாதிரி! மாமாவிடம் நத்தாருக்குப் போங்கள். கையில் இரண்டு மாதச் செலவுக்குப் பணமும் வேண்டும்; உதவித்தொகை போன கையோடு வராது.

வகுப்பில் நான் விட்ட பிழை, நோட்ஸுக்குக் காத்திருந்தது. ரியூஷனில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள், சொல்லுவார்கள், எழுதுவோம். அங்கே விரிவுரையாளர் என்னைப் பார்த்து, “நீ என்ன நினைக்கிறாய்?” என்றார். அவரே விடையைச் சொல்லுவார், எழுதலாம் என்று பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். அவரும் இருந்தார். வகுப்பும் இருந்தது. வாசிக்கச் சொன்னதை வாசித்துவிட்டு, பிழையோ சரியோ வாய் திறக்கவேண்டும். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒக்டோபர் வரை நா எழவில்லை.

டிசம்பரில் காலை பத்து மணிக்குக் கிட்ட விடிந்து மூன்றரைக்கு இருட்டும். அறைக்குள் அடைந்து கிடக்காதீர்கள். குசினியில் மிளகாய் வறுக்கவேண்டாம். தீ அலாரம் முழு விடுதியையும் மழைக்குள் இறக்கிவிடும். நெய், பால்மா, இறைச்சி வகையும் சூட்கேசில் கட்டவேண்டாம், சுங்கத்தில் பறித்துவிடுவார்கள்.

அங்கிருந்து வெளிக்கிட முதல் ஒவ்வொரு பாடத்தின் விவரத் தாளையும் தரவிறக்கி வையுங்கள். பெறுபேறு வரும்போது நீங்கள் ஊரில் இருப்பீர்கள். மாணவர் கணக்கின் கடவுச்சொல் பிறகு வேலை செய்யாமலும் போகும். ட்ரான்ஸ்கிரிப்டை நேராக இங்குள்ள திணைக்களத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, பிரதியொன்றை உங்களுக்கும் கேளுங்கள். எனக்குப் பெறுபேறு ஜனவரியில் வந்தது. ஒரு தாள் குறைகிறது, இன்னொரு தாள் குறைகிறது என்று எழுதி எழுதி எடுப்பித்து அது இங்கே பதிவில் ஏறியபோது, திருநெல்வேலிச் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்துவிட்டது.