பழைய எட்டடி டிஷ் வாங்கப் போகும்போது ஒரு சுருள் நூலும் எடுத்துக்கொள்ளுங்கள்

ஒரு காலத்தில் உள்ளூர் கேபிள்காரர் ஒவ்வொருவரும் மொட்டைமாடியில் ஏழெட்டு டிஷ் நிறுத்தி, கீழே கண்ட்ரோல் ரூம் வைத்திருந்தார்கள். 2012-லிருந்து டிஜிட்டல் முறை படிப்படியாகக் கட்டாயமானது. சிக்னல் பெரிய நிறுவனங்களிடமிருந்து ஃபைபர் கேபிளில் வரத் தொடங்கியதும் அந்த டிஷ்களில் பெரும்பாலானவற்றுக்கு வேலை இல்லாமல் போனது. இன்றும் பல ஊர்களில் அவை மாடியில் வெயில் காய்கின்றன, இல்லையென்றால் காயலான் கடைக்குப் போகின்றன. பெரிய டிஷ் வைத்துச் செயற்கைக்கோள் சேனல்களை நேரடியாகப் பிடிக்கும் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குபவருக்கு, டிஷ் வாங்கக் கேபிள்காரரின் மாடியைவிட நல்ல இடம் கிடையாது. அவரிடம் நேரில் போய்க் கேளுங்கள். காயலான் கடைக்கு வந்து சேரும்போது பாதி டிஷ்கள் வளைந்துவிட்டிருக்கும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். டிஷ் என்றால் அதன் வளைவுதான். துருப்பிடித்த போல்ட்டை மாற்றலாம், எல்என்பி (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கி ரிசீவருக்கு அனுப்பும் கருவி) புதிதாக வாங்கலாம், பெயின்ட் அடிக்கலாம், ஸ்டாண்டை வெல்டிங் வைக்கலாம். முறுக்கிக்கொண்ட வளைவை மட்டும் வீட்டில் வைத்துச் சரிசெய்வது கடினம். பார்க்கப் பளபளவென்று இருக்கும் முறுக்கிய டிஷ்ஷைவிட, அழுக்கும் பாசியும் பிடித்திருந்தாலும் வளைவு கெடாத டிஷ் பல மடங்கு மேல்.

இன்னொன்றும் வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்த டிஷ்களில் பிடிக்கும் சி-பேண்டில் (4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசை) வரும் சேனல்கள் எல்லாம் இலவசம் இல்லை. பல கட்டணச் சேனல்கள் பூட்டப்பட்டு, கேபிள் நிறுவனங்களுக்கான தனி ரிசீவரில் மட்டுமே திறக்கும். உங்களுக்குக் கிடைப்பவை பூட்டில்லாத இலவசச் சேனல்கள், அதாவது ஃப்ரீ டு ஏர் சேனல்கள். எந்தச் செயற்கைக்கோளில் எது திறந்திருக்கிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். வாங்கும் வாரத்திலேயே பட்டியலைப் பார்த்து, உங்களுக்கு வேண்டியவை இரண்டு மூன்று செயற்கைக்கோள்களிலாவது இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த அளவு?

தமிழ்நாட்டில் பழையதாகக் கிடைப்பவை பெரும்பாலும் 6, 8, 10, 12 அடி. தொடக்கத்துக்கு 8 அடிதான் சரி. 4 கிகாஹெர்ட்ஸில் 6 அடி டிஷ்ஷின் பெருக்கம் (சிக்னலை எவ்வளவு திரட்டுகிறது என்பதன் அளவு) சுமார் 35.5 டெசிபெல், 8 அடிக்கு 38, 12 அடிக்கு 41.5. ஆறிலிருந்து எட்டுக்குப் போனால் கிடைக்கும் அந்த இரண்டரை டெசிபெல், மழை நாளில் படம் உடைவதற்கும் உடையாமல் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம். 12 அடியில் சிக்னல் இன்னும் அள்ளும். ஆனால் அதன் பார்வை, அதாவது வானத்தில் அது ஒரே நேரத்தில் பிடிக்கும் அகலம், 1.4 டிகிரிதான். 8 அடிக்கு 2 டிகிரிக்குச் சற்று அதிகம். பார்வை குறுகக் குறுக, குறி வைப்பது கடினம். ஸ்டாண்டில் சிறு ஆட்டம் இருந்தாலும் சிக்னல் போய்விடும். 12 அடியை ஒருவர் தனியாகக் கையாளவும் முடியாது.

காற்றையும் கணக்கில் எடுங்கள். 8 அடி சாலிட் (ஓட்டையில்லாத) டிஷ்ஷின் முகப்பரப்பு ஏறக்குறைய 4.7 சதுர மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று அதன் முகத்தில் நேராக அடித்தால் 200 கிலோவுக்கும் மேல் தள்ளும். கடலோர மாவட்டங்களில் இருப்பவர்கள் முடிந்தவரை மெஷ் (வலை) டிஷ் தேடுங்கள். காற்றில் ஒரு பகுதி அதன் ஓட்டைகள் வழியாகப் போய்விடும்.

மெஷ்ஷின் ஓட்டை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 1975-76இல் இஸ்ரோ நடத்திய சைட் என்ற செயற்கைக்கோள் வழிக் கல்வி ஒளிபரப்புத் திட்டத்தில் 2,400 கிராமங்களுக்குக் கொடுத்த 10 அடி டிஷ்கள் கோழிவலையால் ஆனவை. அந்த ஒளிபரப்பு 860 மெகாஹெர்ட்ஸில் வந்தது, அலைநீளம் 35 செ.மீ. அதனால் கோழிவலையே போதுமாயிருந்தது. சி-பேண்டின் அலைநீளம் 7.5 செ.மீ. அங்கே ஓட்டை 7 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, 3 அல்லது 4 மி.மீ. என்றால் நல்லது. வீட்டு டிடிஎச் வரும் கேயு-பேண்டுக்கு 2.5 மி.மீ.க்குள் வேண்டும் என்பதால் பெரும்பாலான மெஷ் டிஷ்கள் அதற்கு உதவாது.

நூல் சோதனை

இதற்குத்தான் அந்த நூல் சுருள். கூடவே ஒரு டேப், ஒரு காந்தம், ஒரு ஐந்து ரூபாய் நாணயம்.

டிஷ்ஷின் விளிம்பைச் சரியாக நான்கு பாகமாக அளந்து குறியிடுங்கள். எதிரெதிர்ப் புள்ளிகளை இணைத்து இரண்டு நூல்களை விறைப்பாகக் கட்டினால் நடுவில் கூட்டல் குறி போல வெட்டிக்கொள்ளும். வளைவு சரியாக இருந்தால் வெட்டும் இடத்தில் இரண்டும் தொட்டும் தொடாமலும் நிற்கும். இடைவெளி தெரிந்தால் டிஷ் முறுக்கியிருக்கிறது. ஆனால் தொட்டுக்கொண்டிருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். கீழ் நூல் மேல் நூலை அழுத்தித் தூக்கிக்கொண்டிருந்தாலும் இடைவெளி தெரியாது. கீழே இருந்த நூலை அவிழ்த்து மேலாகக் கட்டி மறுபடி பாருங்கள். பிறகு நான்கு புள்ளிகளையும் 45 டிகிரி நகர்த்தி இன்னொரு முறை.

இடைவெளி 5 மி.மீ.க்குள் என்றால் தயங்காமல் வாங்கலாம். 1 செ.மீ. வரை என்றால், பேனல்களாகப் பிரியும் டிஷ்ஷாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி பூட்டும்போது பெரும்பாலும் சரியாகிவிடும். 2 செ.மீ. இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். அப்படிப்பட்ட டிஷ்ஷில் ஒரே செயற்கைக்கோள் இரண்டு இடங்களில் பாதிப் பாதியாகச் சிக்னல் காட்டும். பல நாள் எல்என்பியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

சின்ன நெளிவுகளுக்குப் பயப்பட வேண்டாம். உள்ளங்கை அளவு பள்ளம் ஒன்றிரண்டு, பழைய போல்ட் ஓட்டைகள் இவையெல்லாம் சி-பேண்டில் தெரியவே தெரியாது.

அடுத்து ஆழம். விளிம்பில் நூல் கட்டியிருக்கும்போதே, நூல்கள் வெட்டும் இடத்திலிருந்து டிஷ்ஷின் அடிநடு வரை டேப்பால் அளந்து கொள்ளுங்கள். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் குவியத் தூரம் கிடைக்கும். 244 செ.மீ. விட்டம், 40 செ.மீ. ஆழம் என்றால்: 59,536 வகுத்தல் 640, அதாவது 93 செ.மீ. ஃபீட் ஹார்னின் (குவிந்த அலையை வாங்கி எல்என்பிக்குள் விடும் குழல்) வாய் டிஷ்ஷின் நடுவிலிருந்து அந்தத் தூரத்தில் நிற்க வேண்டும். இந்த 93-ஐ 244-ஆல் வகுத்தால் 0.38. ஹார்னைச் சுற்றியுள்ள வளையத் தட்டின் பக்கவாட்டில் 0.36, 0.38, 0.40 என்று கோடுகள் இருந்தால் எதில் நிறுத்துவது என்பதற்கு இதுதான் எண். பழைய டிஷ்களில் ஃபீட்டைத் தாங்கும் கம்பிகள் வேறு டிஷ்ஷிலிருந்து மாற்றிப் போட்டவையாக இருப்பதுண்டு. கணக்கில் வரும் தூரமும் இருக்கும் தூரமும் 2 செ.மீ.க்கு மேல் வேறுபட்டால் கம்பிகளைச் சந்தேகப்படுங்கள்.

எந்தப் பொருள், எங்கே கெடும்

ஃபைபர் (கண்ணாடியிழை) டிஷ் வெறும் ஃபைபர் இல்லை. உள்ளே புதைந்திருக்கும் உலோக வலைதான் அலையைத் திருப்புகிறது. மேற்பரப்பு வெளுத்து மாவு போல ஒட்டினால் பரவாயில்லை. விரிசல் வழியே பழுப்பு நிறத் துருநீர் கசிந்திருந்தால் உள்வலை அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், வாங்காதீர்கள். நாணயத்தால் ஒவ்வொரு சாணுக்கும் தட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் கணீரென்று கேட்டு, ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் அங்கே அடுக்குகள் பிரிந்துவிட்டன.

அலுமினியமா இரும்பா என்பதைக் காந்தம் சொல்லிவிடும். அலுமினியப் பேனலில் இரும்பு போல்ட் போட்ட இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். உப்புக்காற்று வீசும் ஊர்களில் இது அதிகம். போல்ட் ஓட்டை பெரிதாகி நீண்டிருந்தால் பேனல் இடம் மாறி வளைவு கெடும். மெஷ் டிஷ்ஷில் வலை எலும்புக் கம்பியிலிருந்து எழும்பியிருக்கிறதா, ரிவெட்டுகள் விட்டிருக்கின்றனவா என்று கையால் தடவிப் பாருங்கள்.

ஸ்டாண்டில் ஒரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் டிஷ் ஏறக்குறைய வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். சென்னையிலிருந்து 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கும் செயற்கைக்கோளின் ஏற்றக் கோணம் (தரைமட்டத்திலிருந்து மேல்நோக்கிய கோணம்) 74 டிகிரி, மதுரையிலிருந்து 77. சில ஸ்டாண்டுகளின் ஏற்றக் கம்பி 60-65 டிகிரியோடு நின்றுவிடும். வாங்கும் முன் கம்பியை முழுவதும் திருகி, விளிம்பின் மேல் ஒரு நேர்க்கட்டையைக் குறுக்கே வைத்து, போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியால் அளந்து பாருங்கள். 77 டிகிரி ஏற்றத்துக்குக் கட்டை தரைமட்டத்திலிருந்து 13 டிகிரி சாய்வு வரை இறங்க வேண்டும்.

இதனாலேயே மழைநீரும் தேங்கும். 74 டிகிரியில் நிற்கும் மேற்சொன்ன 8 அடி சாலிட் டிஷ்ஷில், அடிநடுவிலிருந்து கீழ்ப்பக்கம் சுமார் அரை மீட்டர் தள்ளித் தண்ணீர் குளம் கட்டும். அந்த இடத்தில் 8 மி.மீ. ஓட்டை ஒன்று போட்டுவிடுங்கள். சிக்னலுக்கு ஒரு கேடும் வராது. இலை அடைத்துக்கொள்கிறதா என்று மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள்.

விலை, கழற்றுவது, ஏற்றிச் செல்வது

விலை பேசும்போது காயலான் கடையில் அன்று அலுமினியமும் இரும்பும் கிலோ என்ன விலை என்று விசாரித்து வையுங்கள். விற்பவர் அந்த எடைக்கான பணத்துக்குக் கீழே இறங்க மாட்டார். நல்ல வளைவு என்றால் அதற்கு மேல் கொஞ்சம் கொடுப்பது நியாயம். கூடவே கழற்றும் கூலி, வண்டி வாடகை, புது போல்ட், எல்என்பி, கேபிள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய எல்என்பிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். 3.4 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும் பழைய எல்என்பியில் இப்போது 5ஜி வந்து அடிக்கும். 2022 ஏலத்தில் 3.3 முதல் 3.67 வரை 5ஜிக்குப் போய்விட்டது. 3.7-இல் தொடங்கும் புது எல்என்பியாக வாங்குங்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே டவர் இருந்தால் 5ஜியைத் தடுக்கும் ஃபில்டரும் தேவைப்படும். அது ஃபீட் ஹார்னுக்கும் எல்என்பிக்கும் நடுவில் வர வேண்டும். எல்என்பியின் உள்ளேயே 5ஜி திணறடித்துவிடுவதால், அதற்குப் பின்னால் கேபிளில் போடும் ஃபில்டரால் பயன் இல்லை. ஹார்னும் எல்என்பியும் ஒன்றாக ஒட்டி வரும் வகையில் நடுவே எதையும் பொருத்த முடியாது. ஆகவே டவர் பக்கம் இருப்பவர்கள் தனித்தனியாகக் கழலும் பழைய ஃபீட் ஹார்ன் கிடைத்தால் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். பேனல்களின் பின்பக்கம் பெயின்ட் மார்க்கரால் 1, 2, 3 என்று எண் போடுங்கள். ஒவ்வொரு இணைப்பின் இருபுறமும் ஒரே எழுத்தை எழுதுங்கள். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் பாதி வேலை குறையும். வராத நட்டைச் சுத்தியலால் அடித்தால் பேனல் வளையும், கிரைண்டரால் வெட்டிவிடுங்கள். காற்று அடிக்கும் மதியத்தில் இறக்காதீர்கள், விடியற்காலை நல்லது. மின்கம்பி பக்கத்தில் போனால் டிஷ்ஷின் தாங்கு கம்பிகளைக் கழற்றித் துண்டு துண்டாகத்தான் இறக்க வேண்டும்.

ஒரே துண்டாக உள்ள 8 அடி டிஷ் குட்டியானையில் படுக்காது, உங்கள் வீட்டு மாடிப்படியிலும் திரும்பாது. வெளியிலிருந்து கயிறு கட்டி ஏற்ற வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேனல்களை ஏற்றும்போது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் இறுக்காதீர்கள். வளைவு கெடுவது பெரும்பாலும் மாடியில் அல்ல, இந்த வண்டியில்தான். நடுவே பழைய சாக்கு வைத்து, ஓரம் நிற்கும்படி சாய்த்து வையுங்கள்.

வீட்டில் பூட்டும்போது

சமதளத்தில் கவிழ்த்து வைத்து எல்லா போல்ட்டையும் எஸ்.எஸ். போல்ட்டாக மாற்றி, விரலால் மட்டும் முடுக்குங்கள். நிமிர்த்தி நூல் சோதனை செய்து, எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால் முறுக்கிக்கொள்ளும்.

பெயின்ட் அடிப்பதானால் பளபளப்பில்லாத வெளிர் சாம்பல் நிறம். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும். அலுமினியப் பெயின்ட் போல மின்னும் பரப்பு அந்த வெயிலைக் குவித்து எல்என்பியின் மூடியை உருக்கிவிடும்.

தளத்தைத் துளைத்து ஆங்கர் போல்ட் அடிக்காதீர்கள். தட்டு ஓட்டுக்கு அடியில் தண்ணீர் இறங்கி அடுத்த மழையில் கூரை ஒழுகும். ஸ்டாண்டின் கால்களைக் கனமான கான்கிரீட் கட்டைகளில் பூட்டி, கால்களை இரும்புச் சட்டத்தால் ஒன்றோடொன்று இணையுங்கள். நடுக்குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டால் இரண்டு பக்கமும் பாருங்கள். இது அரை டிகிரி சாய்ந்தாலும் அடுத்த செயற்கைக்கோளுக்குத் திருப்பும்போது அலைய வேண்டியிருக்கும்.

சென்னைக்கான தொடக்கக் கோணங்கள்: 66 டிகிரி கிழக்கு என்றால் வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 228 டிகிரி திசை, 67 டிகிரி ஏற்றம். 83-க்கு 168 திசை, 74 ஏற்றம். 105.5-க்கு 116 திசை, 57 ஏற்றம். திசைகாட்டியை ஸ்டாண்டிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி நின்று பாருங்கள், இரும்பு அதன் முள்ளை இழுக்கும். ரிசீவரில் எல்என்பி அலைவெண் 5150 என்று வையுங்கள். முதலில் 83-ஐப் பிடியுங்கள். தெற்கே ஏறக்குறைய உச்சியில் இருப்பதால் தென்னை மரமோ பக்கத்துக் கட்டடமோ மறைக்க வாய்ப்பு குறைவு. சிக்னல் தரம் எட்டிப் பார்த்ததும் ஏற்றம், திசை, ஃபீட்டின் தூரம், எல்என்பியின் சுழற்சி என்ற வரிசையில் ஒவ்வொன்றாக அசைத்து உச்சத்தில் நிறுத்துங்கள். நின்ற இடத்தைக் குழாயில் பெயின்ட்டால் கோடு போட்டு வையுங்கள். புயல் எச்சரிக்கை வரும் நாளில் டிஷ்ஷை முழுவதுமாக வானம் பார்க்கப் படுக்க வைத்துக் கட்டிவிட்டு, ஓய்ந்த பிறகு அந்தக் கோட்டுக்கே திரும்பக் கொண்டுவரலாம்.