கொப்பித் தாளில் டிஎன்ஏ திருத்தம் படிப்பிக்க

ஹட்டன் பக்கம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். டிஎன்ஏ திருத்தம், அதாவது கலம் தன் டிஎன்ஏவில் வரும் காயங்களைத் தானே சரிசெய்வது, என்றதும் பிள்ளைகள் புரதப் பெயர்களைப் பாடமாக்கத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் இதைச் செய்ய வையுங்கள். கொப்பித் தாள், பென்சில், பசை போதும்.

ஒரே மாதிரி இரண்டு தாள் பட்டிகள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் 20 சோடி எழுத்துகள்: மேலே ஏ என்றால் கீழே டி, மேலே ஜி என்றால் கீழே சி. ஒன்று மூலம். மற்றது, கலம் பிரியுமுன் எடுத்து வைத்த பிரதி.

முதலில் சின்னக் காயம். மேல்வரியில் மட்டும் ஓர் எழுத்தை அழியுங்கள். கீழே இருப்பதைப் பார்த்து யாரும் நிரப்பிவிடலாம். நம் கலம் ஒவ்வொன்றிலும் நாளுக்கு ஆயிரக்கணக்கில் இப்படிக் காயங்கள் வந்து ஆறுகின்றன. இந்தத் திருத்த வழிகளைக் கண்டறிந்த லிண்டால், மொட்ரிச், சங்கார் மூவருக்கும் 2015இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்புறம் மூலப் பட்டியைக் குறுக்கே கிழியுங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பிரதியைக் காட்டாமல் ஒருவரை ஒட்டச் சொல்லுங்கள். பிசிறை நறுக்கித்தான் ஒட்டுவார். இரண்டு மூன்று எழுத்து போய்விடும். கலமும் சில வேளை முனைகளை இப்படி நேரே ஒட்டிவிடுகிறது. அடுத்தவருக்குப் பிரதியைக் கொடுங்கள். போனதைப் பார்த்து எழுதிவிடுவார். கலத்தில் பிரதியைத் தேடிப் பொருத்துவது ராட்51 என்ற புரதம்; ராட்51ஐ முறிந்த இடத்தில் கொண்டுவந்து ஏற்றுவது பிஆர்சிஏ2 என்ற இன்னொரு புரதம்.

போன தவணை ஒரு மாணவி பிரதியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்: “பிஆர்சிஏ2 பழுதானா எல்லாரும் நறுக்கித்தானே ஒட்டணும் டீச்சர்?” அதேதான். எழுத்துகள் விடுபட்டு விகாரங்கள் சேரும். கலப்பிரிவை அடக்கும் பரம்பரை அலகே பழுதாகும் நாளில் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. பழுதான பிஆர்சிஏ2 பரம்பரை அலகு பெற்றோரிடமிருந்து வந்தால் மார்பக, சூலகப் புற்றுநோய் அபாயம் கூடுவது இதனால்தான். ஒலாபரிப் என்ற மருந்து இதே பலவீனத்தைப் பிடிக்கிறது: சின்னக் காயம் ஆறும் வழியைத் தடுத்து முறிவுகளைப் பெருக்கும், பிரதி பார்த்துத் திருத்த முடியாத புற்றுக்கலம் செத்துவிடும்.

கடைசிப் பத்து நிமிடத்தை வெற்றிலைக்கு ஒதுக்குங்கள். எங்கள் பிள்ளைகளின் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அப்பாயியும் அம்மாவும் தேயிலை மலையில் நிற்கும்போதே மெல்லுகிறார்கள். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றுநோய் தரும். வாயின் உள்ளே டிஎன்ஏ காயப்பட்டுக்கொண்டே இருக்கும், திருத்தம் பின்தங்கும். வீட்டுப்பாடமாக நான் கொடுப்பது ஒன்றுதான்: இன்று இரவு டோர்ச் அடித்து அப்பாயியின் கன்னத்தின் உட்புறம் பாருங்கள். வெள்ளைத் திட்டோ, மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ இருந்தால், பல் வைத்தியரிடம் நீங்களே கூட்டிப்போங்கள்.