6502-க்குத் தன்னைத்தானே உருவாக்கிக்கொள்ளும் அசெம்பிளரை எழுதுதல்

1975-இல் வெளிவந்த 6502 பிராசசரிலேயே இயங்கி, தன் மூலநிரலைத் தானே படித்துத் தன்னை மீண்டும் உருவாக்கும் அசெம்பிளரை (கட்டளைப் பெயர்களைப் பிராசசர் புரிந்துகொள்ளும் எண்களாக மாற்றும் நிரலை) எழுத விரும்புகிறவர், முதலில் நவீனக் கணினியில் பைத்தான் போன்ற மொழியில் ஒரு சிறிய தொடக்க அசெம்பிளரை எழுதிக்கொள்வது நல்லது. நம் மூலநிரலில் வரும் கட்டளைகளை மட்டும் அது அறிந்திருந்தால் போதும்.

இந்தப் பிராசசரின் 56 கட்டளைப் பெயர்களும் மூன்றெழுத்துப் பெயர்கள். எழுத்துக்கு 5 பிட் வீதம் ஒரு பெயர் 15 பிட்டுக்குள் அடங்குவதால், முழுப் பட்டியலுக்கும் 112 பைட் போதும். ஆவணப்படுத்தப்பட்ட 151 ஆப்கோடுகளையும் (கட்டளைகளின் ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிய எண்களையும்) தனித்தனியே அடுக்க வேண்டியதில்லை. பிராசசருக்குள் ஒரு மதிப்பை ஏற்றும் எல்டிஏ (LDA) கட்டளையின் அடிப்படை எண் 161. அதனுடன் 4 கூட்டினால் பூஜ்யப் பக்க வடிவமும் (முகவரி 256-க்குக் குறைவானது), 8 கூட்டினால் உடனடி மதிப்பு வடிவமும் (மதிப்பு கட்டளையிலேயே இருப்பது), 12 கூட்டினால் முழு முகவரி வடிவமும் கிடைக்கின்றன. மதிப்பை நினைவகத்தில் சேமிக்கும் எஸ்டிஏ (STA) 129-இல் தொடங்கி இதே ஒழுங்கில் செல்கிறது; ஆனால் அதற்கு உடனடி மதிப்பு வடிவம் இல்லாததால், 137 உருவாகாதபடி தனியே தடுக்க வேண்டும்.

அசெம்பிளர் மூலநிரலை இரண்டு முறை வாசிக்கிறது: முதல் வாசிப்பில் லேபிள்களின் (நிரலின் இடங்களுக்கு நாம் இடும் பெயர்களின்) முகவரிகளைக் கணக்கிடுகிறது, இரண்டாவதில் பைட்டுகளை எழுதுகிறது. மிகவும் கவனம் தேவைப்படும் இடம் இதுவே. இன்னும் வரையறுக்கப்படாத பெயரை முதல் வாசிப்பில் முழு முகவரி கொண்ட மூன்று பைட் கட்டளையாகக் கணக்கிட்டுவிட்டு, இரண்டாம் வாசிப்பில் அதன் மதிப்பு 256-க்குக் குறைவு என்று கண்டு பூஜ்யப் பக்க வடிவத்தில் இரண்டே பைட் எழுதினால், அதற்குப் பின்வரும் லேபிள்கள் அனைத்தும் ஒரு பைட் தள்ளிப்போய்விடும். எனவே முதல் வாசிப்பில் முடிவான நீளத்தை மாற்றவே கூடாது. பூஜ்யப் பக்கப் பெயர்களை மூலநிரலின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும்.

புதிய பைட்டுகள் இயங்கிக்கொண்டிருக்கும் அசெம்பிளரின் மேலேயே எழுதப்படாமலிருக்க, நிரல் இயங்கப்போகும் முகவரிக்கும் இப்போது எழுதப்படும் முகவரிக்கும் தனித்தனி எண்ணிகள் தேவை.

தொடக்க அசெம்பிளர் தந்த முதல் பிரதியைக் கொண்டு இரண்டாவதையும், அதைக் கொண்டு மூன்றாவதையும் உருவாக்குங்கள். பின்னிரண்டும் ஒரு பைட்கூட மாறாமல் இருக்க வேண்டும். ஆனால் அசெம்பிளர் தன் மூலநிரலில் பயன்படுத்தாத கட்டளையில் உள்ள பிழை இந்த ஒப்பீட்டில் வெளிப்படாது என்பதால், 151 ஆப்கோடுகளும் இடம்பெறும் ஒரு சோதனை நிரலை எழுதி, வெளியீட்டைப் பிராசசர் கையேட்டின் அட்டவணையோடு சரிபார்ப்பதை நான் கட்டாயமாகவே கருதுகிறேன்.