புற்றுநோய்ச் சோர்வு: ஓய்வெடுத்தும் தீராத களைப்பைக் கையாளும் வழிகள்

நாள் முழுவதும் உழைத்த களைப்பு ஓர் இரவு நன்றாகத் தூங்கினால் நீங்கிவிடும். புற்றுநோயாளிகளுக்கு வரும் சோர்வோ நெடுநேரம் படுத்து எழுந்த பின்னும் அப்படியே இருக்கும், குளித்து உடை மாற்றுவதற்குள்ளேயே உடல் தளர்ந்துவிடும். இதைச் சோம்பல் என்று வீட்டில் எவரும் எண்ணிவிடக் கூடாது.

முதல் வேலை, மருத்துவரிடம் சொல்வது. சிகிச்சை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பலர் வாய்திறக்காமலேயே இருந்துவிடுகிறார்கள். எனக்கு மிகுந்த கவலை தருவது இந்த மௌனம்தான்; ஏனெனில் இரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, அடங்காத வலி, தூக்கமின்மை, மன அழுத்தம், போதிய உணவு செல்லாமை, சில மருந்துகளின் பக்கவிளைவு எனச் சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று பின்னணியில் இருக்கக்கூடும்.

சொல்வதற்கு எளிய வழி, சோர்வுக்கு 0 (சோர்வே இல்லை) முதல் 10 (மிகக் கடுமையான சோர்வு) வரை நாள்தோறும் மதிப்பெண் இட்டுக் குறித்துவைப்பது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் காரணத்தை விரிவாக ஆராய வேண்டும். கீமோதெரபியில் மருந்து ஏற்றிய அடுத்த சில நாள்களில் சோர்வு உச்சத்தை அடைந்து பிறகு தணிவது வழக்கம். கதிர்வீச்சுச் சிகிச்சையிலோ வாரம் செல்லச் செல்லக் கூடி, சிகிச்சை முடிந்த பின்னும் சில வாரங்கள் நீடிக்கும். குறிப்பேட்டில் இந்தப் போக்கு தெரிந்துவிட்டால், முக்கியமான வேலைகளைத் தெம்புள்ள நாள்களுக்கு ஒதுக்கலாம்.

கேட்பவர்களுக்கு வியப்பளித்தாலும், சோர்வைக் குறைப்பதில் வலுவான சான்றுள்ள வழிகளில் முதன்மையானது உடற்பயிற்சி. படுத்தே இருந்தால் தசைகள் வலுவிழந்து, சிறு வேலையும் பெருஞ்சுமையாகி, மேலும் படுக்கத் தோன்றும். ஐந்து நிமிட நடையில் தொடங்கி, பல வாரங்களில் படிப்படியாகக் கூட்டி, வாரத்தில் 3 நாள், நாளுக்கு 30 நிமிடம் என்ற அளவை எட்ட முயலலாம். எலும்புக்குப் புற்று பரவியவர்களும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. காய்ச்சல் உள்ள நாளில் பயிற்சியே வேண்டாம்.

பகல் தூக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டாமல் இருந்தால் இரவுத் தூக்கம் கெடாது. உட்கார்ந்து செய்யக்கூடியதை உட்கார்ந்தே செய்யுங்கள். உதவ வருபவரிடம் இன்ன வேலை என்று தெளிவாகச் சொல்லி ஒப்படையுங்கள்.

திடீரென மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், படுக்கையைவிட்டு எழவே முடியாத நிலை ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள்.