கழகத்துக்கு ஒரு முதலாளி வந்தால் அவரை எப்படி வாசிப்பது

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தவன் நான். வடமராட்சிக் கரையில், பனைக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் மைதானம். வருடத்துக்கு ஒருமுறையாவது வெளிநாட்டில் இருந்து ஒரு அண்ணை வந்து இறங்குவார். கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, "இந்தக் கழகத்தை நான் எங்கேயோ கொண்டுபோறன் பார்" என்பார். நல்ல மனதோடுதான் சொல்லுவார். அந்த நேரம் என்ன கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பிறகு பட்டுத்தான் படித்தேன். மிச்சத்தை இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழக முதலாளிமாரின் கதைகளில் படித்தேன். அவர்களின் கணக்கு வழக்கெல்லாம் பத்திரிகையில் வந்தவை, அதனால் பழகிப் பார்க்க வசதி. முதலில் அவர்களில் ஒருவரை வாசியுங்கள், அப்புறம் ஊர் அண்ணையிடம் வரலாம்.

ஒரு கொப்பித் தாளில் மூன்று பத்தி கீறுங்கள். எந்த வருடம், எதை வாங்கினார், ஆருடைய காசில். கடைசிப் பத்திதான் உயிர்.

நான் முதலில் எழுதிப் பார்த்த ஆள் மல்கம் கிளேசர். அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரத்துக்காரர். 1943இல் தகப்பன் இறந்தபோது அவருக்கு வயது 15; தகப்பன் விட்டுப்போன மணிக்கூட்டு உதிரிப்பாக வியாபாரத்தைக் கையில் எடுத்தார். அதிலிருந்து காணி, கட்டடம், சில்லு வைத்த வீடுகள் நிறுத்தும் வளவுகள் என்று ஒவ்வொன்றாக ஏறினார். 1995இல் தம்பா பே பக்கனியர்ஸ் என்ற அமெரிக்க உதைபந்தாட்ட அணியை 192 மில்லியன் டொலருக்கு வாங்கினார். அந்த விளையாட்டில் பந்தைக் காலால் தொடுவதே அபூர்வம், அது வேறு கதை. 2003இல் மன்செஸ்டர் யுனைட்டட் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கத் தொடங்கினார். 2005 மே மாதம் இரண்டு ஐரிஷ் கோடீஸ்வரர்களிடம் இருந்த பெரிய பங்கும் கைக்கு வர, கழகம் அவருடையதாகிவிட்டது. கழகத்துக்கு அப்போது போட்ட விலை சுமார் 790 மில்லியன் பவுண்.

இனி மூன்றாவது பத்தி. அந்தக் காசில் பெரும்பகுதி கடன். அதில் ஒரு பெரிய துண்டு கழகத்தின் சொத்தையே ஈடுவைத்து எடுத்தது. பொம்பிளையின் சங்கிலியை அடகு வைத்து அவளுக்கே தாலி செய்த மாதிரி. அதுவரை கடனில்லாமல் இருந்த கழகம் அன்றிலிருந்து வட்டி கட்டத் தொடங்கியது.

இதில் நாங்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கழகம் வென்றுகொண்டு இருக்கும்போது கடன் கண்ணுக்குத் தெரியாது. கிளேசர் குடும்பத்தின் கீழ் 2007 முதல் 2013 வரை யுனைட்டட் ஐந்து முறை இங்கிலாந்தின் முதற் பிரிவான பிரீமியர் லீக் கிண்ணம் தூக்கியது, 2008இல் ஐரோப்பியக் கழகங்களின் சம்பியன்ஸ் லீக்கும் கிடைத்தது. அதற்கெல்லாம் முதலே, 2005இலேயே, கோபித்துக்கொண்ட ரசிகர் கொஞ்சப் பேர் பிரிந்துபோய்ப் புதுக் கழகம் ஒன்று தொடங்கிவிட்டார்கள். கோபித்துப் பிரிந்து அடுத்த ஒழுங்கையில் புதுக் கழகம் தொடங்குவது எங்கள் ஊர் வியாதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கிளேசர் 2014இல் இறந்தார். கடன் இறக்கவில்லை.

இப்போது என் கதை. மின்னொளிச் சுற்றுப்போட்டி வைக்க ஆசைப்பட்ட காலம். ஐரோப்பாவில் இருந்து வந்த அண்ணை ஒருவர் ஆறு கம்பமும் விளக்கும் போட்டுத் தருவதாகச் சொன்னார். பாதிக் காசைக் கையில் தந்தார். மிச்சத்துக்கு நகரத்துக் கடை ஒன்றில் தனக்குத் தெரிந்தவர் என்று சொல்லிக் கடனுக்குச் சாமான் எடுத்தார். சிட்டை கழகத்தின் பெயரில். "சும்மா ஒரு போர்மலிற்றி தம்பி" என்றார். நானும் கழக முத்திரையை ஊதா மையில் தொட்டு அதில் குத்திவிட்டேன். மாலை போட்டோம், படம் எடுத்தோம், அவர் விமானம் ஏறிவிட்டார். முதல் மாதம் தொலைபேசி எடுத்தார். அதற்குப் பிறகு மணி மட்டும் அடிக்கும்.

கடைக்காரர் வெள்ளிக்கிழமை தவறாமல் மோட்டார் சைக்கிளில் எங்கள் படலைக்கு வந்தார். ஏசவில்லை. தண்ணீர் கேட்டுக் குடிப்பார், மாமர நிழலில் இருப்பார், சிட்டையை மடியில் விரித்து வைத்திருப்பார். மூன்றாவது வெள்ளி அம்மா அவருக்குப் பிளேன்ரீயும் சீனியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா. இரண்டு சுற்றுப்போட்டியின் நுழைவுக் காசும், ஒரு கிடாய் ஆட்டுச் சீட்டிழுப்புமாகச் சேர்த்துத்தான் அந்தக் கடன் தீர்ந்தது. நான் செய்தது மன்செஸ்டரில் நடந்ததேதான். என்ன, அங்கே வங்கிகள் வந்தன, இங்கே மோட்டார் சைக்கிள்.

ஆகவே சாமான் வாங்கினால் சிட்டை தருபவரின் பெயரில் இருக்கட்டும். கழகத்தின் பெயரில்தான் வேண்டும் என்றால் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எழுதி, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முத்திரை.

அடுத்தது, தருவது அன்பளிப்பா, கடனா? வெட்கப்படாமல் கேளுங்கள். லண்டன் கழகமான செல்சியை 2003இல் வாங்கிய ரஷ்யக் கோடீஸ்வரர் ரோமன் அப்ரமோவிச் அள்ளி இறைத்தார் என்றுதான் எல்லோரும் பேசினோம். 2022இல் உக்ரைன் போர் வந்து, பிரித்தானிய அரசு அவர்மேல் தடை போட்டுக் கழகத்தை விற்க வேண்டி வந்தபோதுதான், அவர் போட்டதில் சுமார் 1.5 பில்லியன் பவுண் ஏட்டில் கடனாகவே கிடந்தது ஊருக்கெல்லாம் உறைத்தது. அதைத் திருப்பிக் கேட்கவில்லை என்பது அவருடைய முடிவு. கேட்டிருந்தால்? எங்களுக்கு ஒரு வரி போதும்: "இது அன்பளிப்பு, மீளக் கோரப்படாது." திகதி போட்டு வாங்குங்கள்.

அவருக்குப் பிறகு என்ன என்பதையும் பாருங்கள். பிளக்பேர்ன் ரோவர்ஸ் கழகத்தை நிமிர்த்தியவர் அந்த ஊரிலேயே பிறந்த இரும்பு வியாபாரி ஜக் வோக்கர். வியாபாரத்தை விற்ற சொந்தக் காசைப் போட்டார், 1995இல் பிரீமியர் லீக் கிண்ணம் வந்தது. என் மூன்றாவது பத்தியில் இவரைப்போலச் சுத்தமான ஆள் இல்லை. 2000இல் அவர் இறந்தார். கழகம் அவருடைய அறக்கட்டளையிடம் இருந்து, 2010இல் பூனேயின் கோழி வியாபாரக் குடும்பமான வெங்கிஸ் கைக்குப் போனது. வந்த அடுத்த மாதமே பயிற்றுநரை நிறுத்தினார்கள். 2012இல் கழகம் பிரீமியர் லீக்கை விட்டு இறங்கியது, 2017இல் மூன்றாம் பிரிவுக்கே போனது. நல்ல முதலாளி ஒருவரைப் பிடித்துவிட்டோம் என்று நித்திரை கொள்ளக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு கதை தேவையில்லை.

நிறத்தில் கைவைக்க விடாதீர்கள். கார்டிப் சிற்றி காலம் காலமாக நீலம், பட்டப்பெயரே நீலப் பறவைகள். அதன் முதலாளியான மலேசியக் கோடீஸ்வரர் வின்சென்ட் டான் 2012இல் அதைச் சிவப்பாக்கினார். சிவப்பில் ஆடி அடுத்த வருடமே பிரீமியர் லீக்குக்கும் ஏறினார்கள், ஆனாலும் சனம் ஏற்கவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது. தாயார் தன்னோடு பேசிய பிறகுதான் மனம் மாறியதாக அவரே சொன்னார். எங்கள் ஊருக்கு வரும் அண்ணைமாருக்கும் அம்மாமார் உயிரோடு இருந்தால் எங்கள் வேலை பாதி குறையும்.

மைதானத்து உறுதி ஆருடைய பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள், ஒருவரும் காசோடு வராவிட்டாலும். கோயில் காணியா, சபைக் காணியா, ஆரோ ஒருவரின் பரம்பரைக் காணியா? பிரைட்டன் கழகத்தை வைத்திருந்தவர்கள் தொண்ணூறுகளில் மைதானத்தைக் காணி வியாபாரிகளுக்கு விற்றுவிட்டார்கள். 1997இலிருந்து இரண்டு வருடம் அந்தக் கழகம் எங்கேயோ தூரத்து ஊரான ஜில்லிங்ஹாமில் போய்த் தன் 'சொந்த மைதான' ஆட்டங்களை ஆடியது. பருத்தித்துறைக் கழகம் ஒன்று ஒவ்வொரு கிழமையும் வவுனியாவுக்கு பஸ் பிடித்துப் போய்ச் சொந்த ஊர் ஆட்டம் ஆடுவதை நினைத்துப் பாருங்கள்.

கழக யாப்பில், அதாவது விதிப் புத்தகத்தில், ஒரு வரி சேர்ப்பதும் நல்லது. ஜேர்மனியில் பொது விதி, வாக்கில் பாதிக்கு மேல் கழக அங்கத்தவர் கையில் இருக்க வேண்டும் என்பது. நாங்கள் அதைச் சுருக்கி, எவ்வளவு தந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு என்று எழுதினோம். பதிவைப் பார்க்க வந்த விளையாட்டு உத்தியோகத்தர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

இப்போது ஆராவது வந்தால் முதலில் தேத்தண்ணி, அப்புறம் கொப்பி. போன வருடம் கனடாவில் இருந்து வந்த அண்ணைக்கு என் கேள்விகள் கொஞ்சம் குத்தின. "என்னடா, என்னைக் கள்ளன் எண்டு நினைக்கிறியோ?" என்றார். கிளேசர் கதையைச் சொன்னேன். மன்செஸ்டர் ரசிகராம், தலையில் கைவைத்தார். கடைசியில் தகப்பன் பெயரில் ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டித் தந்தார், முழுக்காசையும் தானே கடைக்குக் கட்டினார், சிட்டை அவர் பெயரிலேயே வந்தது.

முத்திரை இப்போது செயலாளர் வீட்டில் இருக்கிறது. மைப்பெட்டி புதுப் பொருளாளர் வீட்டில்.